எர்லிந்தாவின் எட்டுச் சுற்று

எங்கள் ஊர்ப் பூங்கா ஒரு காலத்தில் ஆட்களைத் தூக்கில் போட்ட பொட்டல். பிறகு ஒரு கவர்னர் மரம் நட்டு, நடுவில் இரும்பு மண்டபம் கட்டி, பேண்டு வாசிக்க ஆள் வைத்தார். மண்டபத்தைச் சுற்றி இரண்டு பாதைகள். உள்வட்டம் பணக்காரர்களுக்கு, வெளிவட்டம் எங்களுக்கு. இடையிலிருந்த வேலியைப் புரட்சியின்போது பிடுங்கி எறிந்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் வட்டம் மாறவில்லை.

ஞாயிறு மாலை பெண்கள் ஒரு திசையில் சுற்றுவார்கள், ஆண்கள் எதிர்த்திசையில். பிடித்தவளிடம் பூ கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றிலும் பூ அவள் கையில் இருந்தால் சம்மதம். அவன் திரும்பி அவளோடு நடந்தே ஆகவேண்டும். பிடிக்காவிட்டால் அவன் கையிலேயே திருப்பித் தரவேண்டும். கீழே போடக்கூடாது.

எர்லிந்தா துணி தேய்ப்பவள். வயது முப்பத்தொன்று. அந்த வயதுக்காரிக்கு எங்கள் ஊரில் யார் பூ கொடுப்பார்கள்? சேணம் தைக்கும் நான் கொடுத்தேன், மூன்று ஞாயிறு.

"உன் கை தோல் நாத்தம் அடிக்குது கிரெசென்சியோ, கழுவிட்டு வா" என்று சிரித்தபடி மூன்று முறையும் திருப்பித் தந்தாள். சிரித்ததால் நானும் விடவில்லை.

நான்காம் ஞாயிறு, மருந்துக்கடை முதலாளி மகன் லியாண்ட்ரோ, நண்பர்களோடு பந்தயம் கட்டி, உள்வட்டத்திலிருந்து எட்டி அவளுக்கு ஒரு வெள்ளை ரோஜா நீட்டினான்.

"உள்ள வா எர்லிந்தா. அந்தக் கும்பல்ல உனக்கென்ன வேலை?"

பைத்தியக்காரி, நம்பிப் போனாள். எதிரே வந்த லியாண்ட்ரோ அவளைப் பார்க்காதவன் போலக் கடந்தான். அடுத்த சுற்றில் பூவை உயர்த்திப் பிடித்தாள். அப்போதும் அவன் திரும்பவில்லை. திருப்பிக் கொடுக்கலாமென்று நீட்டினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பூவைக் கீழே போடவும் முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்னும் மேல புடிம்மா, அவருக்குக் கண்ணு தெரியலையாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

முடிக்கவேண்டிய நேரம் தாண்டியும் லியாண்ட்ரோவின் நண்பர்கள் பேண்டை நிறுத்தவிடவில்லை. எட்டுச் சுற்று. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு வெளிவட்டத்துக்கு வந்தாள். என் முன்னால் தானாக நின்றாள்.

"இன்னிக்கு எனக்குப் பூ இல்லையா, கிரெசென்சியோ?"

"உள்ள போய்க் கேளு. அங்கதான் நல்ல பூவா குடுக்கறாங்களே."

சொல்லிவிட்டு, பின்னால் வந்த ஒருத்தியிடம் பூவைக் கொடுத்தேன். அவள் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த சுற்றிலும் பூ அவள் கையில் இருந்தது. திரும்பி நடந்தேன். எர்லிந்தா புல்லில் இறங்கி எங்களுக்கு வழிவிட்டாள். அந்தப் பெண்ணோடுதான் நாற்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

எர்லிந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின் பூங்காவில் கால் வைக்கவும் இல்லை. எதிரிலிருக்கும் கோயிலுக்குக்கூடச் சந்தைத் தெருவைச் சுற்றித்தான் போவாள், மழையானாலும் வெயிலானாலும்.

போன மாதம் செத்துப்போனாள். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

"சந்தை வழியா போனா மதியம் ஆயிடும். பூங்காவுக்குள்ள பூந்து போயிடலாம்ப்பா" என்றான் முன்னால் தூக்கியவன்.

வேண்டாம் என்று சொல்ல அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. நான் சொல்லவில்லை. எனக்கும் தோள் வலித்தது.