வெள்ளத்தன்று பூட்டாத கடை

கெலிஓயாவில் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். போன மழையில் மகாவலி ஆறு பெருகியதால் அரிசி ஏற்றிவரும் மாட்டுக் கரத்தைகள் கண்டியிலேயே நின்றுவிட்டன.

"மச்சான், இண்டைக்குக் கடையப் பூட்டுங்க. நாளைக்கு ரெண்டு மடங்கு விலைக்கு விக்கலாம்" என்றான் மனைவியின் தம்பி ஹனீபா.

எனக்கும் ஆசைதான். ஆனால் வாசலில் பையோடு தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"ஊரே பசியில நிக்குது, எப்படிப் பூட்டுற?" என்று வழக்கமான விலைக்கே விற்றேன்.

மத்தியானம் ஆற்று வெள்ளம் கடைக்குள்ளேயே ஏறிவிட்டது. நானும் ஹனீபாவும் மூட்டைகளை இழுக்கத் திணறினோம்.

"தள்ளி நில்லுங்க மொதலாளி, நாங்க பாத்துக்கிறோம்" என்று, அரிசிக்கு நின்றவர்களே மூட்டைகளைத் தூக்கி மேட்டுப் பள்ளிவாசலில் சேர்த்தார்கள். கடையைப் பூட்டியிருந்தால் உதவிக்கு யார் இருந்திருப்பார்கள்?

இப்போதும் இலாபத்துக்குத்தான் வியாபாரம் செய்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஊருக்கு ஒரு கஷ்டம் வந்தால் என் கடையில் விலை ஏறாது.