ஆள் இல்லாத வயல்

படம் எடுக்கக் கிளம்பும்போது சிலவற்றைச் சரிபார்ப்பேன்: பேட்டரி, மெமரி கார்டு, முக்காலி, சிவப்புக் கண்ணாடி, நாய்களுக்கு பிஸ்கட். மனிதர்களுக்கு என்ன எடுத்துப்போவது என்று அன்றுவரை யோசித்ததில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு போகும் வழியில், வயல் நடுவே ஒற்றைப் பனை. பின்னால் மலை. அதை ஆளே இல்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று போய்ப் போய்த் தோற்றிருந்தேன். ஒருநாள் மேகம் இல்லை. ஒருநாள் மேகம் மட்டுமே இருந்தது. ஒருநாள் மாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கூடிவந்தது. நெல் பழுத்திருந்தது. லென்சின் முன்னால் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் பழுத்த நெல் வெளுத்துவிடும், நீல வானம் கறுத்துவிடும், மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஆனால் மறுநாள் காலையில் அறுவடை மிஷின் வருகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். இன்று விட்டால் இனி அடுத்த வருஷம் பிசானப் பருவத்து அறுவடைக்குத்தான்.

நான் படித்தது சிவில். முக்காலியை ஊன்றியதும், மட்டம் பார்க்கும் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கால்களைத் திருகிக்கொண்டே இருப்பேன். நில அளவை வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதுதான் காட்டிக்கொடுத்தது. வரப்பில் இருவர் விறுவிறுவென்று வந்தார்கள். முன்னால் வெள்ளை வேட்டியும் நல்ல தொந்தியுமாக வயல்காரர். பின்னால் ஒல்லியாகப் பக்கத்து வயல்காரர்.

“என்னம்மா அளக்கிய?” என்றார் வயல்காரர்.

“அளக்கல அண்ணாச்சி, போட்டோ எடுக்கேன்.”

“பொண்ணு மாப்பிள்ளைய எங்க?”

“யாரும் இல்ல. வயலை மட்டுந்தான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முந்தி ஜோடியாக வந்து வரப்பில் நடந்து படம் எடுப்பவர்கள் இங்கே அதிகம். ஜோடி இல்லாத கேமராவை யார் நம்புவார்கள்? சந்தேகம் தீரட்டும் என்று கேமராவின் திரையைக் காட்டினேன். அது இன்னும் பெரிய தப்பு.

“கலரே இல்லியே?”

“வேண்டாம்னுதான் அண்ணாச்சி.”

“இம்புட்டுப் பெரிய மிஷின வாங்கிட்டு யாராச்சும் கலர் வேண்டாம்பாகளா? இது பிளானு வே! நாலுவழிச் சாலைக்கு அளக்காக.”

பக்கத்து வயல்காரர் உடனே என் பக்கம் திரும்பினார். “சாலைன்னா அண்ணாச்சி வயல்தாம்மா தோது. நூல் பிடிச்சாப்ல இருக்கும். எங்க வயல் கோணல்லா.”

“ஏலே, உன் வாயக் கொஞ்சம் மூடுதியா?”

வயல்காரர் நேராகப் போய்ப் பனைக்கு முன்னால் காலை அகட்டி நின்றார். “நான் இங்கனதான் நிப்பேன். எப்பிடி அளக்கியன்னு பாக்கேன்.” வேடிக்கை பார்க்க வசதியாக மற்றவரும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மேகத்தின் நிழல் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வயலைத் தொட்டுவிட்டால் வெளிச்சம் போய்விடும். உண்மையை எல்லா விதமாகவும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவர்களே நம்பியிருந்த பொய் மட்டும்தான்.

“சரி அண்ணாச்சி, ரெண்டு பேரும் அப்பிடியே நில்லுங்க,” என்றேன். “வயலை அளந்ததுக்கு நீங்கதான் சாட்சி. முகம் நல்லாத் தெளிவா விழுது.”

சாட்சி என்றதும் பக்கத்து வயல்காரர் ரோட்டில் இருந்தார். எப்போது ஓடினார் என்றே தெரியவில்லை. நான் குனிந்து மட்டத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் வயல்காரரையும் காணோம். ஒரே ஒருமுறை அழுத்தினேன். நிழல் வந்து வயலை மூடியது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வடித்த சோறு போல வெளுத்த வயல். கரி வானம். நடுவே கறுத்த பனை. அந்தப் பனைக்கு ஒரு பக்கம் அரைத் தொந்தி, மறுபக்கம் வேட்டி நுனி. படத்திலேயே மிக வெள்ளையான பொருள் அந்த வேட்டிதான்.

கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வயல்காரர் சிரிப்புத் தாங்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “பனைக்குத் தொந்தி விழுந்திருக்கு வே!”

வயல்காரர் சிரிக்கவில்லை. “அப்போ நெசமாவே போட்டோதானா? ரோடு வரலியா?”

“நான் கொண்டு வரல அண்ணாச்சி.”

அவர் மூச்சை விட்டார். பிறகு மறுபடி குனிந்து திரையை நெடுநேரம் பார்த்தார். “இந்தத் தொந்திய அழிச்சிருவியளோ?”

“அழிக்க ஒரு நிமிசம் போதும்.”

“அழிக்காதிய. இந்தப் பய ரோட்டுக்கு ஓடுனான். நான் வயல விட்டு நவுரல. அதுக்கு இதான் சாட்சி.”

அழிக்கவில்லை. ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கிறது, இன்னொன்று எங்கள் வீட்டுக் கூடத்தில். படத்துக்கு முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த ‘ஆள் இல்லாத வயல்’ என்ற பெயரையும் நான் மாற்றவில்லை.