கொழுந்து மாடியில் காய்ந்த கடிதங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாத முற்பகலில், சூரியநெல்லியிலிருந்து கீழே இறங்கும் எஸ்டேட் பாதையில் நடந்தது இது. வெளியில் அதிகம் சொன்னதில்லை. சொன்னால் என் வேலை லட்சணத்தைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான்.

என் வேலை, ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில். எழுத்தாளர்களின் கடிதங்கள், பேட்டிக் குறிப்புகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வந்து, பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல் பாதுகாக்க வேண்டும். ஈரம் படாமல் என்பதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மலையில் ஓர் எழுத்தாளர் இருந்தார். எஸ்டேட் ஆபீசில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பேட்டி கண்டு புத்தகங்கள் எழுதியவர். வேலை முடிந்து சொந்த ஊருக்குப் போய்விட்டவர்கள்கூட, பேட்டியில் சொல்ல விட்டுப்போனதை அவருக்குக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர் காலமான பிறகு அந்தக் கடிதங்களை அவருடைய மனைவி பத்திரமாக வைத்திருந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடம் நச்சரித்துத்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். அன்று காலை ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். எழுதியவர் ஆளுக்கொரு கட்டாக நூல் போட்டுக் கட்டிய இருபத்திரண்டு கட்டுகள்.

"இதுக்கு நகல் ஒண்ணும் கெடையாது. ஒங்கள நம்பித்தான் தாரேன்" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினேன். நான் மழை குறைந்த எருத்தேன்பதி என்ற ஊர்க்காரி. எங்கள் பக்கம் மேகம் என்றால் தலைக்கு மேலே எங்கோ போவது, பெரும்பாலும் பெய்யாமல் போவது. இங்கே அது பாதையில் எதிரே நடந்து வந்தது. தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகத் தெரியும், அப்புறம் தெரியாது, மறுபடி தெரியும். கொஞ்ச நேரத்தில் நான் வேலைக்கு வந்தவள் என்பதே மறந்துவிட்டது. ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். பெட்டியைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்து, பின்னால் மூடுபனியோடு ஒரு போட்டோ எடுத்தால் காப்பகத்தின் இணையதளத்தில் போடலாமே என்று ஓர் ஆசை. சுவர் பாசி பிடித்து வழவழவென்று இருந்தது. இரண்டடி பின்னால் போய் போனை உயர்த்தினேன். திரையில் பெட்டி இருந்தது. அப்புறம் இல்லை.

கீழே முழங்கால் ஆழத்துக்கு மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். எப்படி இறங்கினேன் என்று இன்றும் நினைவில்லை. பெட்டி வாய் பிளந்து கிடந்தது. கட்டுகள் சில மிதந்தன, சில அமிழ்ந்திருந்தன. இரண்டின் நூல் அறுந்து தாள்கள் என்னைச் சுற்றி வட்டம் போட்டன. அவற்றை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்பதே யாரோ பேசிய பிறகுதான் தெரிந்தது.

"டீச்சர், அப்பிடி வாரி அமுக்காதீக. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்."

நிமிர்ந்தால், மூடுபனிக்குள்ளிருந்து மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஏழெட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கொழுந்து பறிப்பவர்கள். பேசியவருக்கு என் வயதுதான் இருக்கும். படித்த பெண் யாரானாலும் அவர்களுக்கு டீச்சர்தான். யாரும் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. இறங்கி, ஆளுக்கு இரண்டு மூன்று கட்டுகளை உள்ளங்கையில் தாங்கி எடுத்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டில் அவற்றைத் தனித்தனியாக வைத்தார்கள். மேட்டில் இருந்த தேயிலை ஃபேக்டரிக்கு ஊர்வலம் மாதிரி ஏறினோம்.

ஃபேக்டரியின் மாடி முழுக்க, பச்சைக் கொழுந்தை வாடப் போடும் கம்பிவலைத் தொட்டிகள் நீளநீளமாகக் கிடந்தன. அடியிலிருந்து பெரிய விசிறி காற்றை ஊதும். மழையால் அன்று கொழுந்து வரத்துக் குறைவு, ஒரு தொட்டி காலியாக இருந்தது. ஃபேக்டரிப் பொறுப்பாளர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், சுத்தமான துணியை விரித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, கீழே ட்ரையர் இருக்குதுங்களே, அதுல வெச்சா சீக்கிரம் காஞ்சிருமுங்களா?" என்று கேட்டேன்.

என் ஊர்ப் பேச்சின் 'ங்க'வைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். என் வயதுக்காரப் பெண் சிரிக்கவில்லை. "சூட்டுல வச்சா சுருண்டுரும் டீச்சர். காத்துல மெதுவாத்தான் வாடணும். நடுவுல பெரட்டிக் குடுக்கணும்."

இதே பாடத்தை நான் படித்துப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். நனைந்த தாளுக்குச் சூடு கூடாது, காற்றுதான் மருந்து. பயத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் நூலை அவிழ்த்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினார்கள். ஒரு கட்டுக்கு ஒரு வரிசை. தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை பிடித்துத்தான் பறிப்பார்களாம், ஒருவர் நிரையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மழைக்கு இருட்டிய பகல். விசிறியின் முழக்கம். பக்கத்துத் தொட்டிகளிலிருந்து பாதி வாடிய கொழுந்தின் வாசனை. துணிமேல் நூற்றுக்கணக்கான தாள்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அதற்கு நடுவில் நின்றபோது, நடந்தது எதுவுமே நிஜமில்லை, கொஞ்சம் பொறுத்தால் விழித்துவிடலாம் என்று தோன்றியது.

விழிக்க வைத்தது கடிதங்களைக் கொடுத்த அந்த நர்ஸ் அம்மாதான். அந்த மலையில் செய்தி ஜீப்பை விட வேகமாகப் போகும். மதியத்துக்கு மேல் குடையை மடக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். போட்டோ எடுக்கப் போனதை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டியோரமாக மெல்ல நடந்தார். மையெல்லாம் கரைந்து வெறும் வெள்ளையாகிவிட்ட ஒரு தாளின் முன்னால் நின்றார்.

"இது யாரோடது?"

"அது நாலாவது நெரைம்மா" என்றார் என் வயதுக்காரப் பெண், பக்கத்துத் தாளைப் பார்த்தபடி. "கீழ் லயத்து வீட்டுல இருந்த டெய்லரு. ஊருக்குப் போயிட்டாருல்ல, அவரோடது."

"அவரு இருக்காரு. சங்கரன்கோயில் பக்கம்" என்றார் அம்மா. என்னைப் பார்த்தார். "என்ன எழுதுனாருன்னு அவர்ட்டயே கேட்டுக்கிடுங்க."

இப்படி வெள்ளையாகிப்போன தாள்கள் மொத்தம் ஏழு. ஐந்துக்கு நிரை பதில் சொன்னது. தொட்டியின் கடைசியில், நான் வாரி அணைத்து வந்த இரண்டு கட்டுகளின் தாள்கள் கிடந்தன. கையெழுத்தைப் பார்த்து முடிந்தவரை பிரித்திருந்தார்கள். மிச்சம் இரண்டு வெள்ளைத் தாள்கள்.

"இது?"

"இது நான் அள்ளினதுங்கம்மா. ரெண்டு பேர்ல யாரோடதுன்னு தெரியலீங்க" என்றேன்.

அப்போதுதான் அந்த அம்மாவின் கண் கலங்கியது. அந்த இரண்டு கட்டுகளை எழுதிய இருவரும் உயிரோடு இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். மனதார. அவர் அந்த இரண்டு வெள்ளைத் தாள்களையும் ஒருமுறை புரட்டிப் போட்டார். "இனிமே எப்பிடிப் பாத்துக்கிடணும்னு ஒங்களுக்குத் தெரியும்ல" என்றார் கடைசியில். "கொண்டு போங்க. சீட்ல வைக்காதீக, மடியில வச்சுக்கிட்டுப் போங்க." மறுநாள் எட்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

காப்பகத்தின் பதிவேட்டில் 'வந்து சேர்ந்தபோதே ஈரம்' என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் பேனா நின்றது உண்மை. நனைந்தது என் கவனக்குறைவால் என்றே எழுதினேன். பிறகு போனைக் கையில் எடுத்தேன். டெய்லருக்குத் தான் எழுதியது நினைவில்லை. அவருடைய மற்ற கடிதங்களைப் படித்துக் காட்டினேன். அப்புறம் பேச ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அந்தப் பேச்சு இன்று ஒலிப்பதிவாக, அந்த வெள்ளைத் தாளோடு அவர் பெயரிலேயே இருக்கிறது. மற்ற நான்கில் இரண்டு பேர் கிடைத்தார்கள், அவர்களும் பேசினார்கள். கிடைக்காத இருவருக்கும் பெயராவது இருக்கிறது.

யாரிடமும் கேட்க வழியில்லாத அந்த இரண்டு தாள்களையும் நான் தூக்கிப் போடவில்லை, தனி உறையில் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. நான் மட்டும் எப்போதாவது எடுத்துப் பார்க்கிறேன், ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியதை அவருடையது என்றுகூடச் சொல்ல முடியாமல் செய்வதற்கு என் இரண்டு கைகளின் அவசரமே போதுமாயிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.