மாமா பாய்மரம் நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

அணை கட்டி, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் அடிமலை முழுவதும் தண்ணீருக்குள் போன மறு வருடம், தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கினார். அட்டன் ஸ்டேஷனிலிருந்து அது லொறியில் வந்து இறங்கியது. படகு தனி, பாய்மரம் தனி, கம்பிகளும் கயிறுகளும் ஒரு சாக்கில். படகு வேலை தெரிந்த ஆள் உண்டா என்று கணக்கப்பிள்ளை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டபோது, கை தூக்கியவர் என் அம்மாவின் தம்பி மட்டும்தான். மாமா கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். அதைத் தவிர அவருக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"எதுக்குடா பொய் சொன்ன?" என்றாள் அம்மா.

"போய்ப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது, விடுக்கா."

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் கரைக்குப் போனோம். தொரை முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். மரத்தின் அடியைப் படகின் நடுவே இருந்த குழியில் இறக்கி, பக்கத்துக்கு ஒரு கம்பி, முன்மூக்குக்கு ஒரு கம்பி என்று இழுத்துக் கட்டவேண்டும். மாமா மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்க, தொரை கம்பிகளை மாட்டி முறுக்கினார். மரம் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, கடைசியில் நேராக நின்றது. அதற்குப் பிறகுதான், பாயை ஏற்றும் கயிற்றை உச்சிக் கப்பியில் கோக்கவில்லை என்று கண்டார்கள். தொரை இங்கிலீஷில் திட்டினார். மாமாவையா, மரத்தையா, தன்னைத்தானா என்று தெரியவில்லை. கம்பிகளைக் கழற்றி மரத்தை மறுபடி படுக்கவைத்தார்கள்.

கயிற்றைக் கோத்ததும் மாமா அதன் நுனியை என்னிடம் கொடுத்தார்.

"விட்டுறாத புள்ள. விட்டா மேல ஓடிப்போயிரும், திரும்ப மொதல்லருந்து செய்யணும்."

மரம் எழும்ப எழும்பக் கயிறு என் கையை உரசிக்கொண்டு ஓடியது. தோல் எரிந்தது. நான் விடவில்லை.

"குட்டி கெட்டி பிடி!" என்று தொரை தன் தமிழில் மெச்சினார். பாய் படபடவென்று மேலே போனபோது, ஏற்றியது நான்தான் என்றே எனக்கு நினைப்பு.

படகில் ஏறும்முன் அம்மா சோற்றுக் கூடைக்கடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். பலகாரம் என்று எட்டிப் பார்த்தேன். வெறும் செவ்வந்திப் பூ.

படகு நடுத்தண்ணீருக்குப் போனது. மாமா ஏதோ சொல்ல, தொரை பாயை இறக்கினார், பிறகு தொப்பியைக் கழற்றினார். காற்று பறித்துவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்தேன். மாமா படகின் ஓரத்தில் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அம்மா, மாமா வாந்தி எடுக்குறாரு!" என்று சிரித்தேன்.

மற்ற நாளாக இருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். அன்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றாள்.

தொரை எத்தனையோ முறை கூப்பிட்டும் மாமா அதற்குப் பிறகு அந்தப் படகில் ஏறவே இல்லை. பயந்துவிட்டார் என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்தோம். எல்லாரையும்விட நான்தான் அதிகம்.

பிரசவத்தில் செத்துப்போன மாமாவின் பெண்சாதியை, என் அத்தையை, அடிமலை மயானத்தில் புதைத்தார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். அடிமலை தண்ணீருக்குள் போனதும் தெரியும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வயதுதான் எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை.