தொகுப்பில் விடுபட்ட விதி

மாநிலத்தின் நிர்வாக விதிகளையெல்லாம் ஒரே தொகுப்பாக்கும் வேலையில் என்னைப் போட்டபோது, மலைப்பகுதிக் கட்டட விதிகளை நானாகவே கேட்டு வாங்கினேன். எனக்குச் சொந்த ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் போளூர். அண்ணன் அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார்.

எனக்கு மேலதிகாரி பழனிக்காரர். சென்னை அலுவலகத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் குளிரைப் பற்றி விசாரிக்காத ஒரே ஆள். அவரையும் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

பல துறைகளில் சிதறிக் கிடந்த ஆணைகளைத் தேடி எடுப்போம். ஒன்றை இன்னொன்று திருத்தியிருக்கும். ரத்தானது தெரியாமலே வேறொன்று அதை மேற்கோள் காட்டும். புதிய தொகுப்பில் இடம்பெறாத எதுவும் இனிச் செல்லாது என்பது ஏற்பாடு. அதனால் ஒரு வரியை விடுவதற்கு முன்னும் இருவரும் வாதாடுவோம்.

அப்படி வாதாடிச் சேர்த்த விதி ஒன்று. ஓடையின் மேல்பக்கத்தில் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்குமுன், கீழே அந்தத் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களை விசாரிக்க வேண்டும்.

"இருக்கட்டும்மா. ஒங்க ஊருக்கு இது வேணும்," என்றார் அவர்.

கொடைக்கானலுக்கு ஒரு கூட்டத்துக்கு வந்த மேலதிகாரி எங்கள் வீட்டிலும் சாப்பிட்டார். அண்ணி பூண்டுக் குழம்பு வைத்திருந்தார். பிறகு அண்ணன் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், விடுதி கட்ட ஒருவர் வாங்கியிருந்த மேட்டு நிலத்தைக் காட்டினார்.

"அங்கன கட்டுனா எங்களுக்குத் தண்ணி எப்படிங்க வரும்?"

"கவலப்படாதீங்க. ஒங்களக் கேக்காம ஒருத்தனும் கல்லு வைக்க முடியாது. அந்த விதியச் சேத்ததே ஒங்க தங்கச்சிதான்."

தொகுப்பு வெளியானது. சில மாதங்களில் விடுதிக்கு அனுமதியும் கிடைத்தது. ஊர்க்காரர்களுடன் மனுக் கொடுக்க அண்ணன் கொடைக்கானலுக்குப் போனார். நானும் லீவு போட்டு வந்து சேர்ந்துகொண்டேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்காரச் சொல்லி, தொகுப்பை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்படி ஒரு விதி இதுல இல்லையேம்மா."

முந்தைய விதி இருந்தது, பிந்தையதும் இருந்தது. எண்கள்கூட இடைவெளியில்லாமல் ஓடின. நான் கடைசியாகச் சரிபார்த்த பிறகுதான் எடுத்திருக்கிறார்கள். வெளியே வந்து மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"மேல இருந்து சொன்னாங்கம்மா. எடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணே."

"நீ அந்த ஊர்க்காரி. சொன்னா சண்டைக்கு நிப்ப. ஒன் நல்லதுக்குத்தான்."

"எங்க வீட்டுல சாப்பிட்ட அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"அண்ணியக் கேட்டதாச் சொல்லு," என்று வைத்துவிட்டார்.

ஜீப் பக்கத்தில் நின்ற அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எழுதினவ நீ. ஒனக்குத் தெரியாமயா தூக்குனாங்க?"

"சத்தியமாத் தெரியாதுண்ணே."

"சரித்தா," என்றார். நம்பியவர் குரல் அல்ல அது.

ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வரைவில் அந்த விதி இருந்தது, யாரும் அதை முறைப்படி ரத்து செய்யவில்லை என்று நான் வாக்குமூலம் கொடுத்தேன். என்னை வேறு பிரிவுக்குத் தள்ளினார்கள். அவர் இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறார். வழக்கு நடக்கிறது, விடுதியும் எழும்புகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பூண்டு விலை, பனி, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் அண்ணன் பேசினார். வழக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். அதை வக்கீலிடம்தான் பேசுவாராம்.