சாப்பாட்டுக்கு என்னை நம்பாதீங்க

அறைச் சாவியை நீட்டும்போதே அக்கா அந்த வாக்கியத்தையும் சேர்த்து நீட்டிவிடுவார். "படுக்க இடம் இருக்கு, குளிக்கச் சுடுதண்ணி இருக்கு. சாப்பாட்டுக்கு மட்டும் என்னை நம்பாதீங்க." பிறகு ஒரு கையை வாசல் கேட்டில் ஊன்றிக்கொண்டு மறு கையால் வழி சொல்வார். கிணற்றைத் தாண்டி, வைக்கோல் கொட்டகையில் திரும்பினால் நீலக் கதவு போட்ட சாப்பாட்டுக் கடை. நெடுஞ்சாலை முக்கில் வண்ண விளக்குகளோடு புதிதாக ஒன்று திறந்திருக்கிறதே என்று யாராவது கேட்டால், "விளக்கைப் பிச்சுத் திங்க முடியுமா?" என்பார்.

வார இறுதியில் நகரத்திலிருந்து வருகிறவர்கள் தங்கிப் போக, மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். காலை உணவு மட்டும் வாடகையில் சேர்த்தி. ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்த ரொட்டியை என் முன் வைத்துவிட்டு, "கருகினதைக் கீழ வச்சுக்க, தெரியாது" என்றார். அவர் சமையலை அவரைவிட மோசமாக யாரும் ஏசிவிட முடியாது. மிச்சத்தைக் கொட்டினால் வீட்டுக் கோழி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடுமாம்.

நீலக் கதவுக் கடை அவருடைய தம்பியுடையது. இருவருக்கும் பேச்சில்லை. தன் மகளின் கல்யாணம் பேச வந்த சம்பந்திகளுக்கு அக்கா தன் கையாலேயே சமைத்துப் போட, ஒரு வாய் வைத்த தம்பி எல்லோர் முன்னிலையிலும், இதை எடுத்துவிட்டுத் தன் கடையிலிருந்து கொண்டுவருவதாகவும், இல்லையென்றால் இந்தச் சம்பந்தம் நிலைக்காது என்றும் சொல்லிவிட்டாராம். சம்பந்தம் நிலைத்தது, பேச்சுதான் போயிற்று. "அவன் சொன்னது பொய்யில்ல. ஆனா உண்மையை எங்க வச்சுச் சொல்றதுன்னு ஒரு இங்கிதம் வேணாமா?" என்று என்னைக் கேட்டார். எந்த உண்மையையும் எங்கும் வைத்துச் சொல்லிப் பழக்கமில்லாத நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆனாலும் வருகிற விருந்தாளி ஒருவரையும் விடாமல் தம்பி கடைக்கே அனுப்புகிறார். அவர்கள் சாப்பிட்டுத் திரும்பும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். "கையைக் கொடு" என்று வாங்கி விரல்களை முகர்ந்து பார்ப்பார். "சோப்புப் போட்டும் போகல பாரு. மீனை நல்லா முறுக விட்டிருக்கான்." வந்தவர்கள் திகைத்துப்போய்க் கையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

நான் போயிருந்த சமயம் அவர் கவலையில் இருந்தார். தம்பி காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறார், நாக்கில் ருசி இன்னும் திரும்பவில்லை என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ருசி போன கடைக்கு விருந்தாளியை அனுப்ப அக்காவுக்கு மனம் வராது. அனுப்பாவிட்டால் நீலக் கதவை மூட வேண்டியதுதான். அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இவர் வழிகாட்டிப் போகிறவர்கள். ஆகவே நம்பகமான ஒரு நாக்குக்காகக் காத்திருந்தார். வாய்த்தது நான்.

சனிக்கிழமை மாலை சாப்பிட்டுவிட்டு வந்தேன். விரல்களை முகர்ந்தார். முகம் தெளியவில்லை. உப்புக்கு வாசனை கிடையாதே.

"எப்படி இருந்துச்சு?"

"நன்றாக இருந்தது."

"துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி சொல்ற. உப்பு?"

"இருந்தது."

"இருந்துச்சு சரி. அளவா இருந்துச்சா?"

"சரியாக இருந்தது என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? உப்பு என்ன, நினைச்சுப் பார்க்கிற சமாச்சாரமா?"

இரண்டு மொழிகளில் படித்தவள் நான். இரண்டிலும் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். முறுகிய ஓரமும் உள்ளே பஞ்சுபோன்ற சதையுமாக அந்த மீன் என் நாக்கில் கரைந்ததை இப்போது இந்தப் பக்கத்தில் எழுத முடிகிறது. அன்று படியில் நின்றபோது இரண்டு மொழிகளும் சேர்ந்து என்னைக் கைவிட்டன. என் தயக்கத்தை அவர் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். "மறைக்கிற. புரியுது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மதியம் வெளியே போகும் செருப்பை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். "வா. விருந்தாளிக்குத் துணையா வந்தேன்னு இருக்கட்டும்."

தம்பி அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு சட்டை அவருக்கு இரவல் வாங்கியதுபோல் தொங்கியது. அக்காவைப் பார்க்காமல் என்னிடம், "கூட வந்தவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "இருக்கிறதைக் கொண்டுவரச் சொல்லு" என்றார். இத்தனை படித்ததற்கு அன்றுதான் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது, தமிழிலிருந்து தமிழுக்கு.

மீன் வந்தது. அக்கா ஓரத்தை ஒடித்து வாயில் போட்டார். மென்றார். குழம்பைத் தொட்டு இன்னொரு வாய். அடுப்பங்கரை வாசலில் கரண்டி அசையாமல் நின்றது. மற்ற மேசைக்காரர்கள்கூடத் தண்ணீர் கேட்க மறந்திருந்தார்கள். அக்கா முள்ளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுக் கை கழுவி வந்து, "பரவாயில்லைன்னு சொல்லு" என்றார்.

வேலையில் சுத்தம் வேண்டுமே. இருந்தாலும் பழக்கதோஷத்தில், "நன்றாக இருந்ததாம்" என்று தம்பியிடம் சொன்னேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "அக்கா அப்படிச் சொல்லாது. நிஜமா என்ன சொல்லுச்சு?"

"பரவாயில்லை என்றார்."

கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். "அதைச் சொல்லுங்க."

திரும்பும் வழியெல்லாம் அக்கா எனக்கு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில், மற்ற அறைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். நல்ல பசி போலிருக்கிறது. சாவியைக்கூடக் கேட்காமல், இங்கே சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டார்கள்.

அக்கா இடது கையை நீட்டிக் கிணற்றுப் பக்கம் காட்டினார். வலது கை விரல்கள் அவர் மூக்கருகே இருந்தன.