மாகிரட்டின் மிச்சப் படங்கள்

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகு இன்னும் கயிறு அவிழ்க்கவில்லை. அதற்குள் மாகிரட் பால்மாத் தகர ரின்னை மடியில் ஏற்றி இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டுவிட்டார். பால்மா கிடைக்காத காலம் இது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"எந்தக் கடையில கிடைச்சது?"

"பால்மா இல்லைப் பிள்ளை, வறுத்த அரிசி" என்று மூடியைத் திறந்து காட்டினார். அரிசிக்குள் பிலிம் சுருள்கள் புதைந்து கிடந்தன. கடற்காற்றின் ஈரத்தை அரிசி உறிஞ்சிக்கொள்ளுமாம். பிலிமும் இப்போது பால்மாவைப் போலத்தான், பணம் இருந்தாலும் கிடைப்பதில்லை.

நாற்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, தலையில் ஓலைத் தொப்பி, காலில் தம்பியின் செருப்பு. கழுத்தில் செபமாலையும் கமெரா வாரும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். லோஞ்சு ஆடத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு மணிகளை உருட்டுவார். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். ஆனாலும் கடல் பயம் போகவில்லை. "எனக்கு நீந்த ஏலாது. கமெராவுக்கும் ஏலாது" என்பார்.

டொக்யாட் வீதியில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர் தம்பி சிறில். மாகிரட் அங்கே படங்களைக் கழுவி, பிரதி எடுத்து, ஓரம் வெட்டிக்கொண்டிருந்தவர்தான். அடையாள அட்டைக்கு எல்லோரும் படம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது நிலைமை மாறியது. மூதூரிலும் புல்மோட்டையிலும் பல பெண்கள் ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால் முகத்தைக் காட்டி இருக்க மறுத்தார்கள். சிறில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அடுத்த கிழமை அக்கா கமெராவை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். மூதூரில் றம்லா என்ற பாய் இழைக்கும் பெண்ணின் வீட்டு விறாந்தையில் வெள்ளைத் துணி கட்டி முதல் படத்தை எடுத்தார். இன்றும் அந்தப் பக்கம் போனால் தங்குவது அங்கேதான்.

அவருடைய கமெரா இரண்டு கண் வைத்தது. நெஞ்சோடு பிடித்துக் குனிந்து, மேலே உள்ள கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். எதிரே இருப்பவரை அவர் நேராகப் பார்ப்பதே இல்லை. "நான் அவையைக் கும்பிடுறன் எண்டு நினைக்கினம். அதால வெக்கம் போயிடும்" என்கிறார்.

அட்டைப் படங்கள் எடுத்து முடிந்ததும் சுருளில் சில படங்களுக்கு இடம் மிஞ்சும். அதை வீணாக்க மனம் வராமல் தொடங்கியதுதான் மற்றப் படங்கள். புல்மோட்டை மீனவர் வாடியில் வலை பொத்துகிறவர்கள், பெருநாளுக்கு முதல் நாள் மருதாணி அரைக்கும் கைகள், குளத்தில் கழுத்தளவு நின்று தாமரைக்கிழங்கு தேடும் பெண்கள். கமெராவைக் கண்டதும் சிலர் ஓடிப்போய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். கொழும்பில் இருந்து வரும் படப்பிடிப்பாளர்கள் அதைக் கழற்றச் சொல்வதுண்டு. மாகிரட் சொல்வதில்லை. "ஆள் வந்தா நல்லதை உடுத்துறது. அதுவும் அவையின்ர வழக்கம்தானே."

அந்த மிச்சப் படங்களில் சிலவற்றை எங்கள் சஞ்சிகை வெளியிட்டது. சம்பூரையும் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் வேடர் ஊர் ஒன்றில் நடக்கும் சடங்கைப் படமாகத் தரும்படி நான் கேட்டிருந்தேன். ஊரின் பெயரை எழுதக்கூடாது என்பது மாகிரட் போட்ட நிபந்தனை.

ஊர்க் கோயில் பூசாரி சம்மதித்தார். ஆண்டுதோறும் தெய்வம் ஏறி ஆடும் பெண்ணிடமும் மாகிரட் முன்பே கேட்டிருக்கிறார். அவள், "எடுங்கோ. ஆனா முதல்ல எனக்குத்தான் காட்டோணும். அந்த நேரம் என்ர முகம் எப்பிடி இருக்குமெண்டு ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது" என்றாளாம். அவளுடைய கணவன் மீன் பிடிப்பவன். ஒரே மகள் காய்ச்சலில் செத்த பிறகு அவன் கோயில் பக்கம் போவதில்லை. வீட்டிலும் கதைபேச்சுக் குறைவு. சடங்கன்று வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

வெயில் சாயும் நேரம், புழுதிக்கு நடுவில், அவள் வில்லாக வளைந்து பின்பக்கம் சாய்ந்த கணத்தில் மாகிரட் எடுத்த படம் அது. "படமெண்டா அதுதான் படம்" என்று சிறில் எனக்குச் சொன்னார். நான் ரயிலேறித் திருகோணமலைக்கு வந்துவிட்டேன். மாகிரட் படம் இருந்த உறையைக்கூடத் திறக்கவில்லை. "முதல்ல அவ பாக்கட்டும். வாறதெண்டா என்னோட வாங்கோ." இப்படித்தான் நானும் அந்த லோஞ்சில் இருந்தேன்.

நாங்கள் போனபோது அவள் மீன் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி, துடைத்து, படத்தை வாங்கினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். மூடிய கண்கள், பிரிந்து தொங்கும் கூந்தல், வலியா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒரு முகம். அவள் அந்த முகத்தை ஒருதடவைதான் பார்த்தாள். பிறகு விரல் படத்தின் கீழ்ப்பக்கம் போய் நின்றது.

"இவர் வந்திருக்கிறார்" என்றாள்.

"ஆர்?" என்று கேட்டார் மாகிரட்.

"இவர்தான், என்ர மனுசன். கையைப் பாருங்கோ."

கூட்டத்தில் யாரோ ஒருவன் முழங்காலில் நிற்கிறான். அவள் கூந்தல் அவன் முகத்தை மறைத்துவிட்டது. இரண்டு கைகள் மட்டும் அவள் முதுகுக்குக் கீழே, உள்ளங்கை மேலாக, தொடாமல் நீண்டிருக்கின்றன. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கழுவிப் பிரதி எடுத்த மாகிரட்டும் அதைக் கவனித்திருக்கவில்லை. (அந்த அடையாளத்தை இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன்.)

"ஒவ்வொரு வருசமும் விழுந்து எழும்பேக்க உடம்பில ஒரு நோவும் இராது. தெய்வம் தாங்குதெண்டுதான் நினைச்சிருந்தனான்" என்றாள் அவள்.

பிறகு மாகிரட், "இந்த ஐயா புத்தகத்தில போடக் கேக்கிறார். போடவோ?" என்றார்.

"என்ர முகத்தைப் போட்டாப் பரவாயில்லை. கையைப் போடாதேங்கோ. நான் கண்டிட்டன் எண்டு தெரிஞ்சா அவர் இனி வரமாட்டார்."

"கதையா எழுதினா?" என்று கேட்டேன் நான்.

"அவருக்கு எழுத்துத் தெரியாது. படமெண்டாத்தான் தெரியும்." படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கையை மட்டும் பெரிசாக்கித் தருவீங்களோ? என்ர முகம் வேண்டாம். பிள்ளையின்ர சட்டை இருக்கிற பெட்டிக்குள்ள வைப்பன்."

நாங்கள் புறப்படும் நேரம் கணவன் வலையோடு வந்தான். "படம் சரியா வந்ததோ?" என்று கேட்டான்.

"இல்லையண்ணை, இருட்டாப் போச்சு" என்றார் மாகிரட்.

"நான் அந்தப் பக்கமே போறேல்லை. எனக்கென்ன தெரியும்" என்று சொல்லி, ஓலையில் கோத்த மீன் சிலதை எங்களுக்குத் தந்துவிட்டு உள்ளே போனான். மனைவி மீனைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் லோஞ்சில் நான் மெல்ல ஆரம்பித்தேன். கைகளை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடலாமே, அவளே சம்மதித்தாளே என்றேன். மாகிரட் செபமாலையை நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

"கையை வெட்டினா அது பொய்ப் படம். ஒருத்தரும் தாங்காம விழுற பொம்பிளை எண்டு சனம் நினைக்கும். ஏலாது."

அடுத்த நாள் காலை அவருடைய பழைய குசினிக்குப் போனேன். யன்னலைக் கம்பளியால் மூடி, முன்பு சமைத்த அந்த இடத்தைத்தான் இருட்டறையாக்கியிருக்கிறார். சிவப்பு விளக்கின் கீழே வியர்வை வழிய நின்றார். உருப்பெருக்கியை உயர்த்த உயர்த்த படத்தில் இருந்த இரண்டு கைகளும் வளர்ந்து கீழ்ப் பலகையை நிறைத்தன. ஆனாலும் மேல் ஓரத்தில் அவள் முகத்தின் ஒரு பகுதி விழுந்துகொண்டேயிருந்தது. உருப்பெருக்கியின் விளக்கை அணைத்துப் படக் கடதாசியை வைத்தார். மறுபடி அந்த விளக்கைப் போட்டதும், தன் உள்ளங்கையை ஒளிக்குக் குறுக்கே நீட்டி, அந்த முகத்தின் மேல் வெளிச்சம் படாமல் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.